வாங்கிய பிறகு பார்ப்பவர்

நான் கத்தரிக்காயைக்கூடக் காம்பைத் தூக்கிப் பார்த்து வாங்குகிறவள். வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்ப்பேன். தேங்காயைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்ப்பேன். புடவையைக் கடைக்காரர் எதிரிலேயே வெளிச்சத்தில் விரித்துப் பிடிப்பேன். கள்ளக்குறிச்சி கடைவீதியில் எனக்கு இதனால் நல்ல பெயர் கிடையாது. இப்படிப்பட்ட நான் நாலு வருஷம் குடியிருந்தது, எதையும் பார்க்காமல் வாங்குகிற ஒரு மனிதரின் வீட்டில்.

பார்க்காமல் என்று சொன்னால் அது முழு உண்மை இல்லை. பார்ப்பார். என்னைவிட நுணுக்கமாகவே பார்ப்பார். ஆனால் வாங்கி, பணத்தைக் கொடுத்து, வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் பார்ப்பார். பார்த்ததில் என்ன குறை தெரிந்தாலும் விற்றவரிடம் போக மாட்டார், வேறு யாரிடமும் சொல்லவும் மாட்டார். யாராவது கேட்டால் "நல்ல பொருளு" என்று முடித்துக்கொள்வார்.

அவரை மாமா என்று கூப்பிட்டேன். உறவு ஒன்றும் இல்லை, வீட்டுச் சொந்தக்காரர். தாலுகா ஆபீசில் டைப்பிஸ்ட் வேலை கிடைத்து ஒரு தகரப் பெட்டியும் ஸ்டவ்வுமாக நான் போய் நின்ற அன்று, வாசலில் புளி காயவைத்துக்கொண்டிருந்தார். "ஆபீசு வேலையா? வந்து இரும்மா" என்று முன்பகுதியின் சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டார். பெயர்கூடக் கேட்கவில்லை. ஒரு வாரம் கழித்துத்தான் விசாரணை தொடங்கியது. ஆபீஸ் பியூனிடம் விசாரித்தார், எங்கள் ஊர்ப்பக்கம் போகிற பஸ் கண்டக்டரிடம் விசாரித்தார். இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது.

என் கணவர் நெய்வேலியில் வேலை பார்க்கிறார் என்று அத்தையிடம், அதாவது மாமாவின் மனைவியிடம், சொல்லி வைத்திருந்தேன். அது பொய். நான் அவரை விட்டு வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. புருஷனை விட்டு வந்தவள் என்று தெரிந்தால் அந்தக் காலத்தில் அந்த ஊரில் வாசற்படிகூட மிதிக்க விடமாட்டார்கள். தெருவில் யாராவது என்னைப் பற்றி வாயைக் கிளறினால், "அவங்க வூட்டுக்காரருக்கு நெய்வேலியில ஷிப்டு. லீவே குட்க்க மாட்றானுங்க" என்று மாமா அலுத்துக்கொள்வார். நான் சொன்ன பொய்யை எவ்வளவு அப்பாவியாக நம்பியிருக்கிறார் என்று எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு வரும். இரண்டு வருஷம் கழித்து ஒரு நாள், பலாப்பழம் உரித்துக்கொண்டிருந்தபோது அத்தை வாய் தவறிச் சொன்னார்: "நீ வந்த பத்தாம் நாளே எல்லாந் தெரியும்டி அவருக்கு. எங்கிட்டயே ஒரு வருசம் கழிச்சித்தான் சொன்னாரு." என் பொய்யை என்னைவிட நன்றாக அவர்தான் பராமரித்திருக்கிறார். அன்று அழுதுகொண்டே பலாப்பிசின் ஒட்டிய கையால் கண்ணைத் துடைத்து, இமை ஒட்டிக்கொண்டது. அத்தை நல்லெண்ணெய் வைத்துப் பிரித்தெடுத்தார்.

அத்தைக்கு இடது காது கேட்காது. பெண் பார்க்கப் போனபோது மாமா தலை நிமிரவே இல்லையாம். கல்யாணமாகி மூன்றாம் நாள்தான் தெரிந்ததாம். "தெரிஞ்ச அன்னியிலேர்ந்து வலப்பக்கமாத்தான் ஒக்காருவாரு. வேற ஒரு வார்த்த கெடையாது. நான்தான் ஒரு வாரம் பயந்துக்கினு கெடந்தேன்" என்று அத்தை சொல்லிச் சிரிப்பார். சினிமாக் கொட்டகையில் வலப்பக்க நாற்காலி கிடைக்காவிட்டால் மாமா படமே பார்க்காமல் திரும்பிவிடுவார் என்பதும் அத்தை சொன்னதுதான்.

மாமாவுக்குக் கல்வராயன் மலைச் சரக்கு வியாபாரம். புளி, கடுக்காய், தேன், பலா. ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தையையும் என்னையும் அருவி பார்க்கக் கரியாலூருக்கு அழைத்துப் போனார். வழியில் பழக்கமான ஒரு வீட்டில் கடுக்காய் எடுக்க வேண்டியிருந்தது. வீட்டுக்காரர் கட்டி வைத்திருந்த மூட்டைகளைக் காட்டினார். மாமா ஒரு மூட்டையின்மேல் உள்ளங்கையை வைத்தார், "சரிங்க" என்றார், பணத்தைக் கொடுத்தார். எனக்குப் பொறுக்கவில்லை. "பிரிச்சிப் பாருங்க மாமா" என்று முணுமுணுத்தேன். அது அந்த மனிதர் காதில் விழுந்துவிட்டது. அவர் முகம் சுருங்கியதை நான் இன்னும் மறக்கவில்லை. மாமா என்னைத் திட்டவில்லை. அருவிக்கு நேரமாச்சும்மா என்று பேச்சை மாற்றினார்.

வீட்டுக்கு வந்ததும் தார்ப்பாயை விரித்து மூட்டையைக் கொட்டினார். கடுக்காயை ஒவ்வொன்றாக உருட்டிப் பார்த்து ஒதுக்க ஒதுக்க, ஒரு பக்கம் கல்லும் போன வருஷத்துச் சொத்தைக் காயுமாகக் குவிந்தது. எனக்கு ஒரே வெற்றிக் களிப்பு. "நான்தான் சொன்னனே மாமா!" என்றேன்.

"எதிர்ல பிரிச்சா ஆள நம்பலன்னு ஆவுது. வாங்கினப்புறம் பாக்கலன்னா பொருள மதிக்கலன்னு ஆவுது. ரெண்டும் தப்பு தானம்மா?" என்றார்.

அடுத்த தடவை அவரிடம் வாங்கிய மூட்டையில் கல் இல்லாமல் இருந்திருக்கும் என்று நீங்கள் நினைக்கலாம். இருந்தது. கொஞ்சம் கம்மி, அவ்வளவுதான். நல்லவர் ஒருவரைப் பார்த்து உலகம் திருந்திவிடும் என்றெல்லாம் அவரும் நினைக்கவில்லை. அந்தக் கற்களைக் கிணற்றடியில் சேறு ஆகாமல் இருக்கப் பரப்பி வைத்தார்.

அவரிடம் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் இருந்தது. அதில் மூன்றாவது கியர் விழாது. இரண்டிலிருந்து நேராக நாலுக்குப் போகும். பின்னால் உட்கார்ந்திருப்பவர் அந்த இடத்தில் ஒரு குலுங்கு குலுங்குவார். "நல்ல வண்டிம்மா" என்பார்.

இனி ரிவால்வருக்கு வருகிறேன். இட ஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் சூடுபிடித்துக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. எந்த ஊர் ரோட்டில் எப்போது மறியலுக்காக மரத்தை வெட்டிச் சாய்ப்பார்கள் என்று தெரியாது. வியாபாரப் பணத்தோடு மலைப்பாதையில் தனியாக வருகிறவர் என்பதால் மாமாவுக்குத் துப்பாக்கி லைசென்ஸ் கிடைத்தது. அந்த மனுவை டைப் அடித்தது நான்தான். காட்டிலாகாவில் ரிட்டையரான ரேஞ்சர் ஒருவர் ஊரில் இருந்தார். மெட்ராசில் மகள் வீட்டுக்குக் குடிபோக முடிவுசெய்து, வீட்டுச் சாமான்களை ஒவ்வொன்றாக விற்றுக்கொண்டிருந்தார். மாமாவுக்கு இருபது வருஷச் சிநேகிதம். வாரம் இரண்டு நாள் அவர் வீட்டில்தான் காபி. அவருடைய ரிவால்வரை மாமா வாங்கினார். எப்படி வாங்கியிருப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை. துண்டில் சுற்றிக் கொடுத்ததைத் துண்டோடு வாங்கி வந்தார்.

அன்று மத்தியானமே கொல்லைப்புறத்தில் வெள்ளை வேட்டி ஒன்றை நாலாக மடித்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். நான் துவைக்கும் கல்லில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். முதலில் அதைத் திறந்து, குண்டு போடும் ஆறு குழிகளிலும் விரலை விட்டுக் காலிதானா என்று பார்த்தார். குழலின் ஒரு முனையில் வெள்ளைத்தாளைப் பிடித்து மறுமுனையில் கண்ணை வைத்தார். அந்தக் குழிகள் இருக்கிற உருளையை மூடி, காதருகே கொண்டுபோய் மெல்ல ஆட்டினார். நான் தேங்காய் வாங்குவது போலவே இருந்தது. பிறகு பின்னாலிருக்கிற சுத்தியைத் தூக்கி நிறுத்தி, கட்டைவிரலால் லேசாகத் தள்ளினார். விசையைத் தொடவே இல்லை, சுத்தி டப்பென்று விழுந்தது. மறுபடியும் தூக்கினார். மறுபடியும் விழுந்தது.

"வூட்ல சாக்பீஸ் இருக்குதாம்மா?"

ஜாக்கெட் துணியில் குறி போடுகிற சாக்பீஸை எடுத்து வந்து கொடுத்தேன். உருளையைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்து, சுத்தமாகத் துடைத்து, சாக்பீஸ் தூளை மேலே பூசி வெயிலில் வைத்தார். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தபோது, வெள்ளைப் பூச்சின்மேல் ஒரு குழியை ஒட்டி ஒரு முடி நீளத்துக்கு ஈரக்கோடு தெரிந்தது. விரிசலுக்குள் போன மண்ணெண்ணெய் வெளியே கசிந்து காட்டிக்கொடுக்கிறது என்று விளக்கினார்.

"இதுல குண்டு வெடிச்சா உருளையே பொளந்துக்கும். பிடிச்சிருக்கிறவன் கை போயிடும். மூஞ்சியும் தப்பாது."

"ஐயையோ, ஓடிப்போயி ரேஞ்சர்கிட்ட திருப்பிக் குட்த்துட்டு வாங்க மாமா!"

"வாங்கியாச்சிம்மா. இனிமே இது நம்ம வூட்டுக் கோளாறு."

"போலீஸ்லயாவது ஒப்படைங்க."

"காரணம் கேப்பாங்க. எழுதிக் குட்த்தா நகலு அவருக்குப் போவும். அவருக்கே தெரிஞ்சிருக்காது பாவம். இந்த வயசுல அவரத் தலகுனிய வக்கணுமா?"

துடைத்து, எண்ணெய் போட்டு, கூடவே வந்த குண்டுகளையும் சேர்த்துப் பீரோவில் வைத்துப் பூட்டினார். விரிசலைப் பற்றி அத்தையிடம் சொல்லவில்லை. சாவி இருந்தது அத்தையின் இடுப்பில். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவர்மேல் எனக்கு இன்றைக்கும் கோபம்தான். மரியாதை மரியாதை என்று ஒரு மனிதன் இவ்வளவு தூரமா போவது? எனக்கும் வாய் இருந்தது, நானும் அத்தையிடம் சொல்லவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. எலவனாசூர்கோட்டையில் இருந்த மாமாவின் அண்ணன் மகனை ஐந்து வயதிலிருந்து வளர்த்து, படிக்கவைத்து ஊருக்கு அனுப்பியிருந்தார்கள். இருபத்தைந்து வயதிருக்கும். டிகிரி முடித்துவிட்டு வேலை இல்லாமல் இருந்தான். போராட்டத்தில் முன்னால் நிற்பவர்களில் அவனும் ஒருவன். அவன் கோபத்தில் நியாயம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். வேலைக்கு மனு போட்டு மனு போட்டுத் தேய்ந்தவனின் விண்ணப்பங்களை டைப் அடித்தவள் நான்.

மறியல் வாரத்தில் ஒரு சாயங்காலம் சித்தியைப் பார்க்க வந்தான். அத்தை மீன்குழம்பு வைத்தார். "வேட்டி ஒண்ணு குடு சித்தி" என்றவனிடம் சாவிக்கொத்தைக் கொடுத்துவிட்டு அடுப்பைக் கவனித்தார். சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டான். மறுநாள் காலையில் பீரோவைத் திறந்த அத்தை போட்ட சத்தத்தில் நான் பல்லைப் பாதி தேய்த்ததோடு ஓடினேன். "துப்பாக்கிய காணம்! சாவிய நாந்தான் குட்த்தேன், நாந்தான் குட்த்தேன்" என்று தலையில் அடித்துக்கொண்டார். துப்பாக்கி களவு போனதற்காக அழுகிறார் என்று எனக்குத் தெரிந்தது. மாமாவின் முகத்தில் இருந்தது வேறு. "கையி" என்றார். "புள்ள கையி." அப்போதுதான் அத்தைக்கு விஷயமே சொன்னார்.

"நீயும் வாம்மா. பொம்பள கூட இருந்தா மறியல்ல வழி வுடுவானுங்க" என்றார். மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்தேன். இரண்டு இடத்தில் சாய்ந்த மரத்தை அறுத்து ஒரு வண்டி நுழையும் அளவுக்கு வழி செய்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் வழி விட்டார்கள். இருபது கிலோமீட்டரும் கியர் மாறுகிற இடத்திலெல்லாம் வண்டி குலுங்கியது. நான் அவர் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன்.

எலவனாசூர்கோட்டைக்கு ஒரு மைல் முன்னால் பெரிய புளியமரம் ஒன்று ரோட்டின் குறுக்கே கிடந்தது. இந்தப் பக்கம் ஏழெட்டு வண்டிகள் நின்றன. அந்தப் பக்கம் இளைஞர் கூட்டம். மரத்தின்மேல் அண்ணன் மகன் நின்றிருந்தான், கையில் ரிவால்வர். சுத்தி தூக்கி நின்றது. முதல் வண்டி, கட்டில் கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற ஒரு சாமான் வேன். அதன் முன்சீட்டில் தெரிந்த முகம் ஒன்று இருந்தது. ரேஞ்சர். மெட்ராசுக்குக் குடிபோகிற நாள் அவருக்கு அன்றுதான் வாய்த்திருந்தது.

மாமா வண்டியை என்மேல் சாய்த்துவிட்டு இறங்கி நடந்தார்.

"தம்பி, அத்த எங்கிட்ட குடு."

"நீங்க போங்க சித்தப்பா. யாரையும் சுட மாட்டேன். வானத்தப் பாத்து ஒண்ணு வுட்டா அத்தினி வண்டியும் திரும்பிடும்."

"வேணாம்டா. அது வெடிச்சிடும்."

"துப்பாக்கின்னா வெடிக்கத்தான செய்யும்!" கூட்டம் சிரித்தது.

மாமா வேனைத் திரும்பிப் பார்த்தார். ரேஞ்சர் கண்ணாடியை இறக்கிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். மாமாவின் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. சொல்லுங்களேன் மாமா, சொல்லித் தொலையுங்களேன் என்று நான் மனசுக்குள் கத்தினேன்.

"சும்மா பயங்காட்டாதீங்க சித்தப்பா. போன வாரங்கூட மளிகைக்காரர் கேட்டப்ப நல்ல பொருளுன்னு சொன்னீங்களே" என்று அவன் கையை மேலே உயர்த்தினான்.

"உருளையில விரிசல் கீதுடா! வாங்கன அன்னிக்கே இருந்திச்சி. நாம் பாத்தேன். சுட்டீன்னா ஒங்கை போயிடும்."

அவன் சிரிப்பு நின்றுவிட்டது. அந்த வீட்டில் வளர்ந்தவன் அவன். உதைக்கிற மாட்டை நல்ல மாடு என்றும், ஒழுகுகிற கூரையை நல்ல கூரை என்றும் சொல்லக் கேட்டே வளர்ந்தவன். வாங்கிய பொருளைப் பற்றி அந்த வாயிலிருந்து ஒரு குறை வந்து அவன் கேட்டதே இல்லை. சந்தேகமே படாமல் நம்பினான். நம்பியதும் கை உதற ஆரம்பித்தது. அது இன்னும் ஆபத்து, தூக்கி நிற்கிற சுத்தி சின்ன அசைவுக்கே விழக்கூடியது. மாமா மரத்தில் ஏறி, சுத்திக்கும் அது அடிக்கிற இடத்துக்கும் நடுவில் தன் கட்டைவிரலைக் கொடுத்தார். கொடுத்த மறுவிநாடி அது விழுந்தது. நகம் பிளந்து ரத்தம் வந்தது. அப்படியே ரிவால்வரை வாங்கி, குண்டுகளை எடுத்துச் சட்டைப்பையில் போட்டார். அவன் சித்தப்பாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு விக்கி விக்கி அழுதான். கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை.

ரேஞ்சர் வேனிலிருந்து இறங்கி வந்தார்.

"வாங்கின அன்னிக்கே பார்த்தியா?"

மாமா கையிலிருந்த ரிவால்வரை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"நாலு மாசமா எங்கூட ஒக்காந்து காபி குடிச்ச. ஒரு வார்த்தை சொல்லல. ஊரை விட்டுப் போற அன்னிக்கு, நடுரோட்டுல, இத்தனை பேர் எதிர்ல சொல்ற. தெரிஞ்சே ஓட்டையை உந்தலையில கட்டினேன்னு ஆயிடுச்சேய்யா!"

"நான் அப்பிடி நெனைக்கிலீங்க" என்றார் மாமா.

பையன்களே கிளைகளை இழுத்து ஓரம்கட்டி வேனுக்கு வழி விட்டார்கள். ரேஞ்சர் திரும்பிப் பார்க்கவில்லை. வேன் கண்ணுக்கு மறைகிறவரை மாமா ரத்தம் சொட்டுகிற கையோடு நடுரோட்டில் நின்றார்.

அதன்பிறகு பத்து நாள் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. பிள்ளை கை தப்பியதே என்று அத்தை கோயிலுக்கு வேண்டுதல் செலுத்தினார், மாமா கூடப் போனார், ஆனால் அவர் மனம் அங்கே இல்லை. "எதிர்லயே பிரிச்சிட்டனே" என்று ஒருமுறை தனக்குத்தானே சொல்லிக்கொண்டதைக் கேட்டேன். மெட்ராசுக்கு இரண்டு கடிதம் போட்டார். பதில் வரவில்லை.

பதினோராம் நாள் ரிவால்வரைத் துண்டில் சுற்றிக்கொண்டு எங்கள் ஆபீசுக்கே வந்தார். ஒப்படைக்கிற மனுவை அடித்துத் தரச் சொன்னார். தாள்களுக்கு நடுவே கார்பனை வைத்து மெஷினில் ஏற்றி, காரணம் என்ன போடட்டும் என்று கேட்டேன்.

"எங்கிட்ட இருக்கறப்ப, எங் கவனக் கொறவால கீழ வுழுந்து விரிசல் வுட்டுக்கிச்சின்னு போடு."

"பொய் மாமா அது! அப்பிடி எழுதிக் குட்த்தா இனிமே ஒங்களுக்கு லைசென்சே தர மாட்டாங்க."

"வேணாம். இதோட நகலு வித்தவருக்கும் போவுமில்ல?"

"போவும். மெட்ராஸ் விலாசத்துக்கு."

"அப்ப போடு."

"அன்னிக்கி அத்தினி பேரும் உண்மைய கேட்டாங்களே மாமா."

கட்டைவிரலில் அவிழ்ந்திருந்த கட்டைச் சுற்றிவிட்டுக்கொண்டார். "அது புள்ளைக்காவ சொன்னதும்மா. இது அவருக்காவ" என்றார்.

அடித்தேன். எழுத்து கலங்கித் தெரிந்ததால் மெதுவாக அடித்தேன். படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள் என்று சொன்னதற்கு, "வூட்ல போயிப் பாத்துக்கறேன்" என்று நான் விரல் வைத்த இடத்தில் போட்டுவிட்டு, தன் நகலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

என் சர்வீஸ் முழுவதிலும் தெரிந்தே அடித்த பொய் அது ஒன்றுதான். அதில் ஓர் அடித்தல் திருத்தல் கிடையாது. மெட்ராசுக்குப் போகிற கவரின்மேல் ரேஞ்சரின் விலாசத்தையும் நானே அடித்து, அன்றைய தபாலிலேயே சேர்த்தேன்.